வீடியோவில் பாட்டு வேண்டாம்

‘வீடியோவில் பாட்டு வேண்டாம் டீச்சர். பழையபடியே போடுங்கள்.’

வகுப்பு இணையதளத்தில் வந்து விழுந்த அந்த வரியைப் படித்ததும் டீச்சருக்குச் சுருக்கென்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் காவு கொடுத்துச் செய்த வீடியோ அது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் காந்தத்தால் ஆணி பொறுக்குகிறார்கள். காட்சி அழகுதான். சத்தம்தான் சகிக்கவில்லை. பெஞ்சு இழுபடுகிறது, யாரோ இருமுகிறார்கள், ‘டீச்சர், இவன் கிள்றான்’ என்று ஒரு புகார். போதாததற்கு மேலே அந்தக் கிழட்டு மின்விசிறி, கடக் கடக்கென்று உயிரை வாங்குகிறது.

இதுவரை எடுத்ததை எடுத்தபடியே போட்டுவந்தவள், இந்த முறை அந்தச் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு, இனிமையான பாட்டு ஒன்றை ஓடவிட்டிருந்தாள்.

முப்பத்திரண்டு வீடுகளில் வீடியோவைப் பார்ப்பதே ஏழெட்டு வீடுகள்தான். அதிலும் ஒருவர் நொட்டை சொல்கிறார்.

எழுதியவர் முதல் பெஞ்சு ரெட்டைப் பின்னல்காரியின் அப்பா. பெற்றோர் கூட்டம் என்றால் அம்மாதான் வருவாள். இவர் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. குறை சொல்ல மட்டும் முதல் ஆளாக வந்துவிட்டார்.

‘நாளை நேரில் வாருங்கள்’ என்று பதில் தட்டினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, இந்த வீடியோ வேலைக்கே ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் பள்ளி விட்டு வகுப்பு காலியானது. கேட்க வேண்டியதை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கடகடப்பில் பேச்சு எங்கே கேட்கும்? மின்விசிறியை நிறுத்த எழுந்தாள்.

வெளியே ரெட்டைப் பின்னல்காரியின் குரல்.

“அப்பா, இன்னும் ரெண்டு படி.”

மகளின் தோளில் ஒரு கையை வைத்தபடி அவர் ஏறி வந்தார். இன்னொரு கையில் மடக்கிய வெள்ளைக் கோல்.

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தலையைச் சற்று உயர்த்திக் காது கொடுத்தார். கடக். கடக். கடக்.

முகமெல்லாம் சிரிப்பாக, மகளின் தோளைத் தட்டினார்.

“ஏய், நம்ம ஃபேன்!”

சுவிட்சு வரை போயிருந்த கையை டீச்சர் மெல்ல இழுத்துக்கொண்டாள்.