ஏழாம் நம்பர் பெட்

"நான் கொல்லாத கிருமி இனிமேதான் இந்த உலகத்துல பொறக்கணும், சிஸ்டர்!"

"பொறந்துடுச்சு டாக்டர். லேப்ல இருந்து ரிப்போர்ட் வந்திருக்கு" என்றாள் வார்டின் மூத்த நர்ஸ். அங்கி, முகமூடி, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அப்போதுதான் அந்தத் தனி அறைக்குள் நுழைந்திருந்தாள்.

மணி காலை ஏழு. பத்து மணிக்கு முன் வார்டில் கால் வைத்தால் பதவிக்கே இழுக்கு என்று முப்பது வருடம் வாழ்ந்தவர் பெரிய டாக்டர். இப்போது பதினொரு நாளாக வீட்டுக்கே போகவில்லை. யார் எத்தனை மணிக்கு வந்தாலும் அவர்களுக்கு முன்னால் அவர் அறையில் இருந்தார்.

"படிங்க."

எந்தத் தாளையும் அவர் தானே படித்ததில்லை. உலகத்தில் நர்ஸுகள் படைக்கப்பட்டதே அதற்குத்தான் என்பது அவர் கட்சி. நோயாளிகளுக்குப் பெயர் உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. படுக்கை நம்பர்தான் பெயர். அவரிடம் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தப் பேச்சே பழகிவிட்டது.

"ஏழாம் நம்பர் பெட். ரத்தத்துல கிருமி. பதினாறு மருந்து போட்டுப் பார்த்திருக்காங்க. ஒண்ணுக்கும் அசையலை."

"பதினாறுக்குமா? லேப்காரன் தூங்கிக்கிட்டே எழுதியிருப்பான்."

"மூணு தடவை பண்ணிட்டாங்க டாக்டர். மூணு தடவையுமா தூங்குவாங்க?"

பெரிய டாக்டர் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "வந்தது என்னவோ ஹெர்னியா ஆபரேஷனுக்கு. மூணாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டிய கேஸ். சுண்டைக்காய் சமாச்சாரம்!"

"தையல் போட்ட இடத்துல சீழ் பிடிச்சது. அங்கேருந்துதான் ஆரம்பம்."

"வீட்டுலேருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

"இல்ல டாக்டர். நம்ம வார்டுலயே வளர்ந்ததாம். மூணு, அஞ்சு, ஒன்பது, அந்த மூணு பெட்லயும் இதே கிருமிதான்."

"அதுங்க எப்படி இருக்கு?"

"மூணும் காலி."

"டிஸ்சார்ஜா?"

நர்ஸ் தாளைப் புரட்டினாள். புரட்டுவதற்கு அதில் அடுத்த பக்கம் இல்லை.



"நம்ம வார்டுல வளர்ந்துச்சுன்னா, ஊட்டி வளர்த்தது யாராம்?"

"நீங்க கேட்கிறதால சொல்றேன். மூக்கு ஒழுகினாக்கூட இங்க முதல் நாளே இருக்கறதுலயே பெரிய ஆன்டிபயாடிக்தான். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பொறுக்கலாமேன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். வாயை மூடிக்கிட்டு ஊசியைப் போடுன்னீங்க."

"எலியைப் பீரங்கியால சுட்டா என்ன தப்பு? எலி செத்துச்சா இல்லையா?"

"சாகாத எலி குட்டி போட்டுச்சு, டாக்டர்."

இந்த வார்டில் இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த நாளும் வேலைக்கு வந்தவர்கள் கிடையாது. ஆனால் பெரிய டாக்டர் இன்று கத்தவில்லை. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார்.

"அந்தப் பழைய மருந்து? கிட்னியைக் கெடுக்குதுன்னு ஓரங்கட்டினோமே?"

"மூணு நாளா அதுதான் ஏறுது. காய்ச்சல் நூத்து மூணுலயே நிக்குது. நேத்து மத்தியானத்துலேருந்து யூரின் ஒரு சொட்டு இல்ல."

"ம்."

"வீட்டம்மா வெளிய நிக்கிறாங்க. கவுன் மாட்டி உள்ள அனுப்பட்டுமா?"

"வேண்டாம். கண்ணாடி வழியா பார்த்துட்டுப் போகட்டும். உள்ள வந்தா அழுவாங்க. எனக்கு அழுகை ஆகாது" என்றார். பிறகு அவருக்கே உரிய அந்த நக்கல் திரும்பியது. "அழுகையைக்கூடப் பொறுத்துக்கலாம். இந்த நோயாளிங்க ஒரு கேள்வி கேட்கும் பாருங்க, 'டாக்டர், நான் பிழைச்சுக்குவேனா?'ன்னு. முப்பது வருஷமா அதே பல்லவி! நான் என்ன ஜோசியனா? போன மாசம் அந்த அஞ்சாம் நம்பர் என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு. ஒவ்வொரு விரலா பிரிச்செடுத்தேன்."

சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது.

நர்ஸ் சிரிக்கவில்லை. அஞ்சாம் நம்பருக்குப் பத்தொன்பது வயது என்று அவளுக்குத் தெரியும். பெயரும் தெரியும். சொன்னால் அவர் கேட்டுக்கொள்ளப் போவதில்லை என்பதும் தெரியும்.

டிரிப்ஸின் வேகத்தைச் சரிபார்த்தாள். காலி மருந்துக் குப்பியைக் குப்பைப் பெட்டியில் போட்டாள்.

"அப்ப நான் வர்றேன் டாக்டர். எட்டு மணிக்கு அடுத்த டோஸ்."

கதவை நோக்கித் திரும்பியவளின் அங்கி எதிலோ மாட்டி இழுபட்டது. குனிந்து பார்த்தாள். ஏழாம் நம்பர் பெட்டிலிருந்து, ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன ஒரு கை அங்கியின் நுனியை இறுகப் பிடித்திருந்தது.

"சிஸ்டர்" என்றார் பெரிய டாக்டர், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல். "நான்... பிழைச்சுக்குவேனா?"