கிண்ணம் 318

அவள் சன்னலுக்கு வெளியே நின்றாள்.

உள்ளே போகக் கூடாது. கிழங்கை உருவாக்கியவளின் முகத்தைப் பார்த்து யாரும் மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. விதி அவளே எழுதியது.

உள்ளே நீள மேசை. ஆராய்ச்சிப் பண்ணையின் ஆட்கள், அலுவலக ஆட்கள் என்று பன்னிரண்டு பேர். ஆளுக்கு மூன்று கிண்ணம், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு தாள். கிண்ணங்களில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, இரண்டிரண்டு துண்டு. உப்புகூடப் போடவில்லை.

கிண்ணத்தின் மேல் எண் மட்டும். எந்த எண் எந்தக் கிழங்கு என்பது அவளுக்கும் தெரியாது. ஆய்வக உதவியாளர் அர்த்தனாரி எழுதி, உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

ஒன்று சந்தையில் வாங்கியது. ஒன்று போன வருடம் தோற்றது. ஒன்று புதியது.

எட்டு வருடம்.

தேமல் நோய் இந்தப் பக்கத்து மரவள்ளித் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தபோது தொடங்கியது. இலை மஞ்சள் மஞ்சளாகச் சுருண்டுவிடும். செடியைப் பிடுங்கினால் அடியில் விரல் தடிமனுக்குத்தான் கிழங்கு. நோய் தாங்கும் காட்டுச் செடி ஒன்றோடு அவள் கலப்புச் செய்தாள். பூவுக்குப் பூ, தன் கையால்.

நோய் தாங்கியவை கசந்தன. கசக்காதவை சுருண்டன.

மூன்று முறை இந்த மேசை வரைக்கும் வந்து திரும்பியாயிற்று. இது நான்காவது. இதுவும் கசந்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள். சோதனைத் திடலில் அடுத்த மாதமே தக்காளி நட ஆள் காத்திருக்கிறது.

ஏழாவது நாற்காலியில் பாவாயி.

பண்ணையில் களை எடுப்பவர். ஐம்பது வயது. படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தாளில் அழும் முகத்திலிருந்து சிரிக்கும் முகம் வரை ஐந்து படங்கள் இருந்தன. போன வருடம் பாவாயி அழும் முகத்தில் குறி போட்டார். அத்தோடு விடாமல், இன்னும் இரண்டு சொட்டுக் கண்ணீரும் வரைந்து கொடுத்தார்.

அவள் அந்தத் தாளைப் பல நாள் மேசைமேலேயே வைத்திருந்தாள்.

இப்போது பாவாயி முதல் கிண்ணத்தை முடித்தார். குறி போட்டார்.

இரண்டாவது. முகம் கோணியது. ஒரு வாய் தண்ணீர். குறி.

மூன்றாவது.

மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

பென்சிலை எடுக்கவில்லை.

இரண்டாவது துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"யக்கா, ஒரு வாய்தான் சாப்பிடோணும். மார்க்கு போடுங்க," என்றார் அர்த்தனாரி.

"இருப்பா."

பாவாயி குனிந்து, காலடியில் இருந்த பையைத் திறந்தார். மதியச் சோற்றுக்குக் கொண்டுவந்த டப்பா. மூடியைத் தட்டித் திறந்து, ஒரு விரல் பச்சைமிளகாய்த் துவையலை வழித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தட்டச்சர் ரோஸ்லினின் மூன்றாவது கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தார். தொட்டார். தின்றார்.

ரோஸ்லின் சண்டைக்கு வரவில்லை. தன் துண்டையும் துவையலில் தொட்டாள்.

அப்புறம் டிரைவர். அப்புறம் தோட்டக் காவலர், எழுந்து வந்து.

ஒரு நிமிடத்துக்குள் துவையல் மேசையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அர்த்தனாரி கையை உயர்த்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்பதாக இல்லை.

சோதனை கெட்டுப்போயிற்று. தாள்கள் செல்லாது. கண்ணாடியைத் தட்டி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

அவள் தட்டவில்லை.

கிண்ணத்தின் எண்ணைப் பார்த்தாள். 318.

சந்தைக் கிழங்காக இருக்கும். அதுவும் ருசிதான். இருக்கட்டும்.

கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

பாவாயி அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன. மிளகாயாகவும் இருக்கலாம்.

"ஏனுங்க மேடம், எங்க ஊருக் கெழங்கு இன்னும் இருக்குதுங்களா? தேமல் வந்து அடியோட போயிருச்சுன்னு இருந்தனுங்க. அரை ஏக்கரா, அப்படியே பாழாக் கெடக்குது. இது எங்கீங்க கெடச்சுது?"

அவள் அர்த்தனாரியைப் பார்த்தாள்.

அவர் உறையைக் கிழித்தார். படித்தார். தான் எழுதியதுதானா என்று இன்னொரு தரம் படித்தார். பிறகு தாளை அவளிடமே நீட்டினார்.

318-க்கு நேரே அவளுடைய புதிய கிழங்கின் எண் இருந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். யாருடைய நாற்காலி என்றுகூடப் பார்க்கவில்லை.

"பழசு இல்லீங்கக்கா," என்றாள். "வடக்குத் திடல்ல நின்னது. நீங்க களை எடுத்தீங்களே, அது."

பாவாயி கிண்ணத்துக்குள் பார்த்தார். அதில் ஒன்றும் மிச்சம் இல்லை.

ரோஸ்லின் யாரும் கேட்காமலே தன் துண்டின் பாதியை அவள் கையில் வைத்தாள். எட்டு வருடத்தில் அவள் இதை ஆய்வகத்தில் அரைத்திருக்கிறாள், உலர்த்தியிருக்கிறாள், எடை போட்டிருக்கிறாள். மாவாக வெடித்திருந்த துண்டை இப்போது வாயில் போட்டாள்.

பொறுமையாக மென்றாள்.

அர்த்தனாரி செல்லாத தாள்களை அடுக்கினார். வியாழக்கிழமை மறுபடி நடத்த வேண்டும், துவையல் இல்லாமல். அவள் சரி என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். ருசி பார்ப்பவர்கள் பட்டியலை எடுத்து, ஏழாவது பெயரை அடித்தாள்.

"பாவாயிக்கா வேண்டாங்களா மேடம்?"

"நடுறவங்க ருசி பாக்கக் கூடாது. விதி."

மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தாள். விவசாயிகள் நிலத்தில் சோதனை. பத்து வரிகளும் காலி. முதல் வரியில் பெயரை எழுதினாள். பரப்பு, அரை ஏக்கர். அடுத்த கட்டம், பாசன வசதி.

கேட்கத் திரும்பினாள்.

ஏழாவது நாற்காலியில் யாரும் இல்லை.

சன்னல் வழியே பார்த்தாள்.

வேப்பமர நிழலில், அறுத்த செடிகளின் தண்டுகளை, துண்டு போட்டு நடுவதற்கென்று நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பாவாயி அங்கே குந்தியிருந்தார். ஒரு தண்டின் மேல் சாண் சாணாகக் கையை நகர்த்திக்கொண்டிருந்தார். எத்தனை துண்டு என்று உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.