அண்ணன் பேர் வராத பாட்டு

ராயபுரத்துப் பழைய ஐஸ் கிடங்கில் மீன் வாடையும் சூடேறிய பிளாஸ்டிக் நாற்றமும் கலந்து வீச, செங்கொடி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். பட்டப்பகலிலும் உள்ளே நீல வெளிச்சம். சுவரை மறைத்த இரும்புத் தட்டுகளில் வரிசையாகச் செல்போன்கள்; எல்லாவற்றிலும் அவள் பாடிய கானா ஓடுகிறது, சத்தமில்லாமல். “ஓடினாலே கணக்குல ஏறிடும்க்கா. நாளைக்கு லிஸ்ட்ல நம்ம பாட்டுதான் ஃபர்ஸ்ட்டு,” என்கிறான் பாட்டை நெட்டில் வெளியிட்ட அஜின். அவள் ஒரு போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறாள். அவளுடைய குரலே பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. “இன்னாத்துக்குப்பா நடுவுல நிக்குது?” “அரை நிமிஷம் ஓடினா ஒருத்தர் கேட்டதா எண்ணிப்பாங்க. மீதி வேஸ்ட்டுக்கா.” அண்ணன் வேம்பு செத்தபோது பாடை பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டிய பாட்டு அது. சாவு கானாவில் முதலில் பேட்டையைப் பாடிவிட்டுத்தான் செத்தவர் பேரைச் சொல்வது அவர்கள் வழக்கம். அந்தப் பேர் அரை நிமிஷத்துக்கு அப்புறம் வருகிறது. போனின் சத்தத்தை அடக்கித் தட்டில் வைத்துவிட்டு, ஈரம் பட்டதுபோல விரல்களைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொள்கிறாள். அதுவும் மற்றவற்றோடு சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு கிடக்கிறது. “லட்சம் பேரு சாவு வூட்டுக்கு வந்துக்கிறானுங்க,” என்கிறாள். “ஒருத்தன்கூட பொணத்தப் பாக்கல.”