ஆகாத பூ

திருப்போரூர் சந்நிதித் தெருவில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பூக்கடை பூவராகவனை இரண்டில் ஒன்று பார்க்காமல் அணுபுரம் திரும்புவதாக இல்லை.

இன்று காலைதான் என் மகள் பிரதீபாவுக்கு நிச்சயதார்த்தம்.

அவளுக்குச் சாமந்தி ஆகாது. சின்ன வயதிலிருந்தே வாசம் பட்டால் இழுப்பு வந்துவிடும். போன வருஷம் ஆபீசில் யாரோ கொடுத்த கெமோமில் டீயை இரண்டு வாய் குடித்ததற்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதுவும் சாமந்தி இனம்தானாம். டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இதை மாப்பிள்ளை வீட்டில் நான் சொல்லவில்லை. எந்தத் தாய் சொல்வாள்? இழுப்புக்காரி என்று ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருக்கிறது.

சொல்லிவிடலாம் என்று அவள் ஒரு மாதமாக நச்சரித்தாள். முதலில் தாலி ஏறட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று அதட்டி வைத்தேன்.

அதனால்தான் மாலைக்கு ரோஜா, ரோஜா என்று இந்த ஆளிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா கூடையைத் திறந்து மாலையை எடுத்தார். மஞ்சளும் வெள்ளையுமாகச் சாமந்தி! நான் மேடை ஏறுவதற்குள் அது பிரதீபாவின் கழுத்தில் விழுந்துவிட்டது.

இரண்டே நிமிஷம். மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. இடுப்பில் செருகியிருந்த பம்ப்பை எடுத்து, நூறு பேர் எதிரில் வாயில் வைத்து இழுத்தாள்.

அவர்கள் சாப்பிடாமலே கிளம்பினார்கள். போன் பண்ணுகிறோம் என்றார்கள். அந்த போன் வராது என்று எனக்குத் தெரியாதா?

பூவராகவன் நாரும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

“ஏன்யா பாவி, ரோஜா சொன்னா சாமந்தியைக் கட்டி அனுப்புவியா?”

தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் திருதிருவென்று விழித்தான்.

“இன்னாம்மா நீ? நேத்து ரோஜாவத்தான் கட்டிகினு இருந்தேன். பாப்பா போன் பண்ணி, ‘அது வேணாண்ணா, சாமந்தியே போட்டு நல்லா நெருக்கமா கட்டுங்க’ன்னுச்சு. ஏம்மா, பாப்பாவுக்குப் புடிக்கலியா?”

காரைத் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டுக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பிரதீபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை.

“பிடிச்சுதுப்பா” என்றேன்.