காவல்காரனின் கழுத்து

"இடுப்பை இன்னும் கொஞ்சம் வளைக்கணும்… ஆங், அப்படித்தான்!"

சாத்திய கதவுக்குப் பின்னால் கணவனின் குரல். தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள் அவள். வங்கியில் கேஷியர், கள்ள நோட்டை விரலால் தடவியே பிடித்துவிடுகிறவள்.

அறையில் வேறு யாரும் இல்லை. மேஜை விளக்கின் அடியில், கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் காவல்காரன் ஒருவன் இரண்டு துண்டாகக் கிடந்தான். மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி நண்பர்களோடு போர் விளையாடுவது கணவனின் பைத்தியம். பெட்டியில் வந்த துண்டுகளை அப்படியே ஒட்டினால் சிப்பாய் விளக்குக் கம்பம் மாதிரி நிற்கிறான் என்று, இடுப்பையும் கழுத்தையும் அறுத்து, திருப்பி, வேறு தோரணையில் ஒட்டுவான்.

"இவன்கிட்டயா கொஞ்சிட்டிருந்தீங்க?"

"பின்ன வேற யாருகிட்ட?"

"இவன் தலையை நேத்துதானே ஒட்டினீங்க?"

"சரியா அமையல. மறுபடி வெட்டிட்டேன்." சொல்லிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தான். முகத்தை அல்ல, கழுத்தை, தோளை, காலை. வேறு யாரோடோ ஒப்பிட்டுப் பார்ப்பது போல.

ஒரு வாரமாகவே இப்படித்தான். காரணமில்லாமல் கதவைச் சாத்துகிறான். அவள் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறான். கேட்டால் சிரிக்கிறான்.

"பொம்மையை முன்னால வெச்சுட்டுப் பின்னால என்னமோ நடக்குதுடி," என்றாள் அக்கா, போனில். "கையும் களவுமா பிடி. இல்லேன்னா பையைத் தூக்கிட்டு இங்க வந்துடு."

பையில் துணிகளை அடுக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பூனை போல அந்த அறைக்கு நடந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. மேஜையில் காவல்காரனின் தலை, கழுத்தில் கம்பி துருத்திக்கொண்டு, தனியே காத்திருந்தது. கணவன் போனில் கிசுகிசுத்தான்.

"அந்தக் கழுத்துக்காகத்தான்டா ஒரு வாரமா அலையறேன்… இல்லடா, வீட்டுல தெரியாது. தெரிஞ்சா எல்லாம் கெட்டுடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. கதவைத் தள்ளினாள். இடது கை கதவு நிலையைப் பற்றிக்கொள்ள, உடம்பு முன்னே சாய்ந்தது. கழுத்து நீண்டது, கண்கள் இடுங்கின.

"யாருங்க அவ?"

அவன் போனை வைத்தான். திடுக்கிடவில்லை, முகம் மலர்ந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், இடுக்கியால் காவல்காரனின் தலையைத் தூக்கினான்.

"இப்ப சொல்லலேன்னா இப்படியே அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்!"

"அசையாத! பசை காயற வரைக்கும் அப்படியே நின்னு சந்தேகப்படும்மா!"