துணைக்கு ஆள் கூடாது

"துணைக்கு ஆள் கூடாது. மனு கொடுக்கிறவங்க மட்டும் உள்ளே போகலாம்," என்றார் வாசல் காவலர் செலஸ்தீனு.

ராட்டர்டாமில் எங்கள் தீவு நாட்டுத் தூதரகம். காலையிலிருந்து விடாத தூறல். சற்று முன்னால்தான் என் புருஷனையும் இப்படியே வெளியே நிறுத்திவிட்டார். எதிர் நடைபாதையில் என் கைப்பையையும் போனையும் கட்டிக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார், பாவம் மனுஷன்.

இப்போது மாட்டியது எனக்கு முன்னால் நின்ற தொமிங்காஸ். பூப்பண்ணையில் வேலை செய்கிறவள். ஐம்பது வயதானாலும் கல்லுக்குண்டாட்டம் இருந்தாள். பக்கத்து வீட்டு இடலீனாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"தனியாப் போக பயமா இருக்குண்ணே. போன தடவை தனியாத்தான் போனேன். பாஸ்போர்ட்டுல பிறந்த வருஷமே தப்பா வந்துருச்சு. அடுத்த மாசம் ஊர்ல என் மக கல்யாணம். இந்தத் தடவையும் தப்பாச்சுன்னா நான் போகவே முடியாது."

"நடக்க முடியாதவங்களுக்கு மட்டும்தான்மா துணை."

எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு என்ன பயம்? உள்ளே என்ன புலியா உக்காந்திருக்கு?" என்றேன்.

தொமிங்காஸ் தலையைக் குனிந்துகொண்டாள். செலஸ்தீனு என்னை முறைத்துவிட்டு, அவர்கள் இருவரையும் தன் காவல் கூண்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். திட்டி அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன்.

ஐந்தே நிமிடம். கையில் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்தாள் தொமிங்காஸ். தாங்கிப் பிடித்தபடி இடலீனா. இருவரும் வரிசையைத் தாண்டி நேரே உள்ளே!

"என்னண்ணே இது அநியாயம்! இப்பத்தானே குத்துக்கல்லாட்டம் நின்னா?"

"அப்படியா? நான் கவனிக்கலையே."

எனக்கு வந்ததே கோபம்! சுவரில் இருந்த பலகையைக் காட்டி, ஒரு எழுத்து விடாமல் உரக்க வாசித்தேன். "'நடக்க இயலாதவர்கள் மட்டும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம்.' உங்க பலகைதானே இது?"

"நல்லா வாசிக்கிறீங்கம்மா," என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளின் பையைச் சோதிக்கப் போய்விட்டார்.

என் வேலை முடிந்து வெளியே வந்தபோது, கூண்டருகே தொமிங்காஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"வருஷம் சரியா இருக்காம்ணே! ஊருக்குப் போயிருவேன்!"

தடியை அவரிடமே நீட்டினாள். அவர் வாங்கி, கூண்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டினார். அவள் இடலீனாவோடு விறுவிறுவென்று நடந்து போனாள்.

"ஓஹோ! தடியே உங்களுதா? அப்போ என் புருஷனை மட்டும் ஏன் மழையில நிறுத்தினீங்க?"

செலஸ்தீனு குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்கதான் அந்தப் பலகையைக் கடகடன்னு வாசிச்சீங்களேம்மா. அந்தம்மாவுக்கு அதுல ஒரு எழுத்துக்கூடத் தெரியாது."