தூக்காத கை

"இன்னைக்கு நான் முடியாதுன்னு சொல்லிட்டா அப்பா என்ன பண்ணுவாரு, அக்கா?"

ஃபேக்டரி மாடிப்படித் திருப்பத்தில் நின்று, போனை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள் சின்னவள்.

பதினெட்டு முடிந்த கையோடு அவளையும் குடும்பக் கம்பெனியில் டைரக்டர் ஆக்கியிருந்தார்கள். போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம். மற்ற மூவரும் பெரியப்பா, அப்பா, சித்தப்பா. இன்று அவளுக்கு முதல் மீட்டிங்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு ஆலோசனைக் கட்டணம் என்று லாபத்தில் பாதியை அனுப்புவதாகத் தீர்மானம். இங்கே வரியும் பாதியாகிவிடும். அந்தக் கம்பெனியும் பெரியப்பாவுடையதுதான். அங்கே பெயர்ப்பலகையைத் தவிர வேறொன்றும் கிடையாது. படித்துப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரியென்று கை தூக்கினால் ஜெயில் என்றே முடிவு செய்துவிட்டாள்.

கல்யாணமாகிப் போன அக்கா அலுப்போடு பதில் சொன்னாள். பேசாமல் தலையாட்டிவிட்டு வீடு போய்ச் சேர், பெரியப்பா முன்னால் அப்பாவே இதுவரை வாய் திறந்ததில்லை, நீ திறந்தால் காலேஜுக்கு முழுக்குத்தான் என்றாள்.

"அப்புறம் என்னை மாதிரி நீயும் இடுப்புல ஒண்ணோட நிப்ப."

உள்ளே ஆடிட்டர் தூக்கக் கலக்கத்தில் தீர்மானத்தை வாசித்து முடித்தார். மூன்று கைகள் உயர்ந்தன. நாலாவது கை மேசைக்கு அடியில் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சம்மதம் இல்ல, பெரியப்பா. ஆளே இல்லாத கம்பெனி நமக்கு என்ன ஆலோசனை சொல்லிச்சு?"

சித்தப்பா கொட்டாவியைப் பாதியில் விழுங்கினார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?" என்றார் பெரியப்பா.

ஆமாம் என்று தலையசைத்தாள். அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. அவள் சொன்னதை ஆடிட்டர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். மூன்றுக்கு ஒன்று, தீர்மானம் நிறைவேறியது.

படிக்கட்டில் அப்பா பின்னாலேயே வந்தார். காலேஜ் போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் கை தலையில் மெதுவாக விழுந்தது.

"நல்லா பண்ணினடா," என்றார் அப்பா, களைத்துப்போன குரலில். "எல்லாரும் தலையாட்டினா பொம்மை போர்டுன்னு வரி ஆபீஸ்ல மோப்பம் பிடிச்சிடுவாங்க, ஒருத்தராவது எதிர்க்கணும்னு ஆடிட்டர் சொன்னாரு. நீ எதிர்ப்பேன்னு எனக்குத் தெரியும். முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு இயல்பா வந்திருக்காது. அடுத்த வருஷமும் இதே மாதிரி அழுதுடு, என்ன?"